காப்புக் கட்டிய மூன்றாம் நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசி எப்படிப் போடுவது, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது எல்லாம் கணினியில் வேறு வந்துவிட்டது. நான் அதில் கை வைத்தால் கிளினிக்கே நின்றுவிடும். நான் சொல்ல வந்தது ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் அந்தக் கதையை ஆரம்பித்தால் என்னால் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை, எழுந்து நின்று கையை ஆட்டிக்கொண்டுதான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

என் பெயர் லூர்து மேரி. ஈப்போ சிலிபின்காரி. ஈப்போவைச் சுற்றியுள்ள அரசாங்கக் கிளினிக்குகளில் முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக இருந்தேன். நோயாளிகளுக்கு நான் 'மிசி'. இந்த ஊரில் நர்ஸ் யாராக இருந்தாலும் மிசிதான். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வாய் அதற்கும் முன்னால் வந்துவிடும். நான் சொல்லப்போகும் கதையில் முதல் தப்பைச் செய்தது அந்த வாய்தான்.

கடைசி சில வருடங்கள் கோப்பெங் பக்கம் ஒரு சின்னக் கிளினிக்கில் இருந்தேன். பழைய கித்தாக்காட்டை, அந்த ரப்பர் தோட்டத்தை, அழித்துப் பாதியைச் செம்பனை ஆக்கிவிட்டு, மீதியில் வரிசை வீடுகள் கட்டி ஒரு தாமான் எழுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தாமான்காரர்கள். புதிதாக யார் வந்தாலும் நாங்கள் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். புகை பிடிப்பீர்களா, மது அருந்துவீர்களா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். ஆண்கள் என்றால் போலீஸ்காரியைப் போல் குடைந்து கேட்பேன். சீன ஆண்ட்டிகளிடம் சிரித்துக்கொண்டே கேட்பேன், அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். நெற்றியில் குங்குமமோ திருநீறோ வைத்த, நாற்பது தாண்டிய நம் தமிழ் அக்காக்கள் வந்து உட்கார்ந்தால் மட்டும் பேனா தானாகவே 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போய்விடும். கேட்கவே மாட்டேன். கேட்டால் அவர்களை அவமானப்படுத்தியது போல் ஆகிவிடும் என்று நினைப்பு. இதை ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்காகச் செய்தேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

அப்படி நான் 'இல்லை' போட்டவர்களில் ஒருவர் சரோஜா அக்கா. ஐம்பத்திரண்டு வயது. தாமானில் மகன் தினேஷ், மருமகளோடு இருந்தார். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். பேச்சு அதிகம் கிடையாது, ஆனால் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலத்தில் முறுக்கோ அதிரசமோ கொண்டுவருவார். மாதா மாதம் இரத்த அழுத்தத்துக்கு வருவார். மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனோம், அழுத்தம் இறங்கியபாடில்லை. முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு காயம், ஒரு கன்றல். கேட்டால் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பார்.

எங்கள் டாக்டர் ஒரு மலாய்ப் பையன். என் மூத்த மகளைவிட இளையவர். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். ஒரு நாள் சரோஜா அக்காவின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, "டியா மினும் கா, மிசி?" என்றார். இவர் குடிப்பாரா என்று கேட்கிறார்! அக்காவுக்கும் மலாய் தெரியும், எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அக்கா வாயைத் திறக்கும் முன்பே நான் மலாயில் சொன்னேன், "டாக்டர், இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல. இவங்க புருஷனே குடிச்சுத்தான் செத்தாரு. இவங்களைப் பார்த்து இப்படிக் கேக்கலாமா?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார், பாவம், என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்து அனுப்பினேன். அந்தப் பெண்மணி உண்மையைச் சொல்வதற்கு ஒரு கதவு திறந்தது, அதைப் படாரென்று சாத்தியவள் நான். அது புரிய எனக்கு ஏழு மாதம் ஆனது.

புரிந்த விதம்தான் வேடிக்கை. அன்று காலை ஒரு பச்சை உடம்புக்காரப் பெண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா கூடவே வந்து, "பத்தியத்துக்குப் பிராந்தி குடுக்கலாம் இல்ல மிசி? உடம்பு சூடாகணும்லா" என்று என்னோடு மல்லுக்கு நின்றார். உங்களுக்குத் தெரியும், பிள்ளை பெற்றவளுக்கு மூடியால் அளந்து பிராந்தி கொடுப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரத்தம் ஊற வேண்டுமென்று கறுப்பு பீரில் முட்டை அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அதை யாரும் குடி என்று நினைப்பதில்லை, மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்த அம்மாவைச் சமாளித்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டால், சரோஜா அக்கா வந்து உட்கார்ந்தார். நான் இன்னும் அந்தப் பிராந்தி நினைப்பிலேயே இருந்தேன்.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றேன் சிரித்துக்கொண்டே. "தினேஷைப் பெத்தப்போ உங்களுக்கும் பிராந்தி ஊத்தினாங்களா?"

"ஊத்தினாங்க மிசி. மாமியார் காலையில ரெண்டு மூடி, சாயங்காலம் ரெண்டு மூடி ஊத்திக் குடுப்பாங்க."

"எத்தன நாளைக்கு?"

அக்கா கையில் இருந்த கிளினிக் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார், "அப்புறம் நான் நிப்பாட்டவே இல்ல மிசி."

நான் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டேன். "இப்பவும் ரெண்டு மூடிதானா அக்கா?" என்று கேட்டேன்.

"இப்போ மூடியில அளக்குறதில்ல," என்றார்.

பிள்ளைகளே, முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவளுக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது! மது அருந்துவீர்களா என்று கேட்டிருந்தால் அவர் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அது பொய்யும் ஆகியிருக்காது. அவர் மனதில் மது என்பது புருஷன் ரோட்டில் விழுந்து கிடந்தது. இவர் எடுத்தது மருந்து. முதுகு வலிக்கு மருந்து, தூக்கத்துக்கு மருந்து, புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த வெறுமைக்கு மருந்து. பிராந்தி எட்டாத விலைக்குப் போனதும் சம்சுவுக்கு மாறியிருக்கிறார், அந்த மலிவுச் சாராயம்தான் தெரியுமே. அதைச் சோயா சாஸுக்கான கறுப்பு கிச்சாப் போத்தலில் ஊற்றி, அடுப்படியில் எல்லோர் கண் எதிரிலும் வைத்திருந்தார். மகன் தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போவானாம்.

"காலையில ஒரு வாய் போடலன்னா கை நிக்க மாட்டேங்குது மிசி. கத்தியைப் புடிக்க முடியல, வெங்காயம் நறுக்க முடியல. ஒரு வாய் போட்டா நின்னுரும்."

இதைக் கேட்ட உடனே எனக்குள் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஏன் தெரியுமா? சந்தோஷம்! ஒரு பெண் என்னை நம்பி இவ்வளவையும் சொல்லிவிட்டாள், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிசி. டாக்டர்கிட்டகூட வேணாம். தினேஷுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன். அவங்கப்பா செத்ததுலேர்ந்து வீட்டுல ஒரு பீர் டின்கூட ஏத்த மாட்டான். எங்கம்மா மாதிரி உண்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான்" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி, "மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். இப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எனக்கும் டாக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது அக்கா என்று சொல்லுங்கள், அது போதும்.

அதோடு நிறுத்தினேனா? இல்லையே! எனக்கு ஒரு யோசனை உதித்தது. தாமான் மாரியம்மன் கோயில் திருவிழா அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். காப்புக் கட்டினால் பத்து நாள் விரதம், கறி மச்சம் கிடையாது, தண்ணி கிடையாது. நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவளுக்கு இது தெரியாதா?

"அக்கா, இந்த வருஷம் காப்புக் கட்டிக்குங்க. பால்குடம் எடுங்க. காப்புக் கட்டினா தொட மாட்டீங்க இல்ல?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கையில காப்ப வச்சுக்கிட்டு எப்படி மிசி தொடுவேன்? ஆத்தா சும்மா விடுவாளா?"

"அவ்ளோதான்! பத்து நாள் இருந்துட்டா பழகிரும்," என்றேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நோயாளியின் நம்பிக்கையை வைத்தே நோயைத் தீர்க்கிறாளாம் இந்த மிசி! அட்டையில் ஒரு வரி எழுதவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களில் யாராவது இப்போது 'ஐயோ மிசி' என்று கத்தியிருந்தால் நீங்கள் நல்ல நர்ஸ். நான் கத்தவில்லை. தினமும் குடித்துப் பழகி, காலையில் கை நடுங்கும் அளவுக்குப் போன உடம்பு, ஒரே நாளில் முழுக்க நிறுத்தினால் தாங்காது. வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே போகும். கொஞ்சம் கொஞ்சமாக, மருந்தோடு, டாக்டரின் கண் முன்னால்தான் நிறுத்த வேண்டும். இதெல்லாம் நான் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் என் மனதில் அது ரோட்டோரத்தில் விழுந்து கிடக்கும் ஆண்களுக்கு உள்ள பாடம். முறுக்கு கொண்டுவரும் சரோஜா அக்காவுக்கும் அதே ஈரல், அதே மூளை என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு மாலை அக்கா காப்புக் கட்டிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பார்ப்பதற்காகத் தாமானுக்குப் போயிருந்தேன். குழந்தையை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த வரிசையிலிருந்து உடுக்கைச் சத்தம். அந்த வீட்டுப் பெண் உற்சாகமாகச் சொன்னாள், "சரோஜா அத்தைக்கு விடியக்காலையிலேர்ந்து சாமி வந்துருக்கு மிசி! செவ்வாக்கிழமை பாருங்க, ஆத்தாளே எறங்கிட்டா!"

குழந்தையைத் தாயிடம் கொடுத்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும்தான் நினைவிருக்கிறது. ஒரு செருப்பு வழியிலேயே அறுந்துவிட்டது.

வாசலில் கூட்டம். நடுவில் சரோஜா அக்கா தரையில் உட்கார்ந்திருக்கிறார். புடவை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. உடம்பு கிடுகிடுவென்று ஆடுகிறது. இரண்டு கையாலும் புடவையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறார். "எறும்பு… எறும்பு… செவுத்துல பாரு, எறும்பு…" மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. தினேஷ் கற்பூரத் தட்டோடு பயபக்தியாக நிற்கிறான். அக்காவின் நாத்தனார் வேப்பிலையை வீசி, "ஆத்தா, என்ன கொற வச்சோம்? சொல்லுத்தா!" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் மூளை முதலில் என்ன சொன்னது தெரியுமா? விரதம், பட்டினி, சர்க்கரை இறங்கியிருக்கும் என்றது. அதுவும் ஒரு தப்பித்தல்தான். விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை சரியாக இருந்தது. நாடி குதிரையாக ஓடியது, உடம்பு அனலாகக் கொதித்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மனதுக்குள் எண்ணினேன். அப்போதுதான் உறைத்தது.

வீட்டின் பின்பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டேன். பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், அதே பழைய கேள்வி. "டியா மினும் கா, மிசி?" நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் 'இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல' என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது! விழுங்கினேன். "குடிப்பாங்க டாக்டர். தினமும். பல வருஷமா. கடைசியா ஞாயித்துக்கிழமை காலையில. நிறுத்தச் சொன்னது நான்தான்."

அவர் திட்டவில்லை. ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இப்ப அதப் பத்திப் பேச வேணாம் மிசி. எந்த நிமிஷமும் வலிப்பு வரும். ஆம்புலன்ஸ் அனுப்பறேன். எப்படியாவது ஏத்திருங்க," என்று மலாயில் சொன்னார். இன்றுவரை அவரை நான் என் வாத்தியார் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன், வயதில் பாதிதான் என்றாலும்.

எப்படியாவது ஏற்றுவதா! வாசலுக்கு வந்து, "அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன். உடுக்கை நின்றது. நாத்தனார் வாசல் கேட்டுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன பேசுறீங்க மிசி? காப்புக் கட்டினவ எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா இந்தக் குடும்பமே வெளங்காது. அதுவும் ஆத்தா எறங்கியிருக்கும்போது தூக்கிட்டுப் போறதா?"

தினேஷ் என்னைப் பார்த்தான். "மிசி, எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல லா. சாமி மலை ஏறினா சரியாயிரும். நீங்க வேற… உங்களுக்கு இது தெரியாது."

உங்களுக்கு என்று அவன் சொன்னது வேதக்காரிக்கு என்ற அர்த்தத்தில்தான். அது நியாயம்தான். கழுத்தில் சிலுவையைப் போட்டுக்கொண்டு, இது சாமி இல்லை என்று அந்தக் கூட்டத்தில் நான் சொன்னால் அடுத்த நிமிடம் வெளியே தள்ளியிருப்பார்கள். குடியை நிறுத்தியதால் வந்தது என்று உண்மையைச் சொன்னால் ஒருவேளை விடுவார்கள். ஆனால் முப்பது பேர் நடுவில், மகன் கற்பூரத் தட்டோடு நிற்கும்போது, அந்த வார்த்தை போனால் போனதுதான். அக்கா பிழைத்து வந்தாலும் அந்தத் தாமானில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொன்னால் மானம் போகிறது, சொல்லாவிட்டால் உயிர் போகிறது. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் வேறு கேட்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது நான் செய்ததைச் சரி என்றும் சொல்ல மாட்டேன், தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அங்கே யார் பேச்சும் எடுபடாது, ஆத்தா பேச்சு மட்டும்தான் எடுபடும். அதனால் ஆத்தாவிடமே கேட்டுவிட்டேன்!

காலில் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிவிட்டு அக்கா முன்னால் மண்டியிட்டேன். கையைக் கூப்பினேன். சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன், "தாயே! இந்தப் புள்ள ஒன் காப்பக் கட்டியிருக்கு. எல்லை தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்க. ஆனா இந்த ஒடம்பு இனிமே தாங்காது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டுமா? நீயே உத்தரவு குடு!"

அக்காவின் கண் எங்கெங்கோ அலைந்தது. சுவரில், என் தோளில், கூரையில். கைகள் எறும்பு பொறுக்கிக்கொண்டே இருந்தன. கடைசியில் அந்தக் கண் என் முகத்தில் வந்து ஒரு கணம் நின்றது.

"போலாம்," என்றார். "எறும்பு ஏறுது… போலாம், போலாம்…"

"உத்தரவாயிருச்சு!" என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? கேட்டை மறித்து நின்ற அதே நாத்தனார்! கத்திக்கொண்டே கேட்டை அகலத் திறந்துவிட்டார். நாலு பேர் சேர்ந்து அக்காவைத் தூக்கினார்கள். குலவை போட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வேப்பிலையையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டார்கள். பிறகு நான் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமினாரா சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

தினேஷ் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நடுவில் உள்ள ஜன்னல் திறந்திருந்தது. பின்னால் இருந்த மருத்துவ உதவியாளர் என்னவென்று கேட்டபோது, கையுறைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதி அவர் மூக்கருகில் நீட்டினேன்: தினமும் சாராயம், நிறுத்தி மூன்றாம் நாள். அவர் படித்தார், உடனே மருந்தை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார். நெடுஞ்சாலைக்குள் நுழைவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ வலிப்பைப் பார்த்திருக்கிறேன், அதைப் போல் பயந்ததில்லை. ஊசி தயாராக இருந்ததால் நின்றது. வீட்டு வாசலில் வந்திருந்தால் வேப்பிலையால்தான் அடித்துக்கொண்டிருப்போம்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவுக்குத் தெளிவு வந்திருந்தது. காப்பைக் கழற்றாமல் அதன் மேலேயே பிளாஸ்டர் ஒட்டி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தினேஷ் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன் சாப்பாடு வாங்கப் போன நேரம் பார்த்து நான் அக்காவிடம் சொன்னேன், "நான்தான் தப்புப் பண்ணிட்டேன் அக்கா. படக்குன்னு நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

அக்கா என்னைப் பார்த்தார். "ஆத்தா உத்தரவு குடுத்தான்னு சொல்றாங்களே மிசி, நெசமா?"

"நான் கேட்டேன். உங்க வாய்லேர்ந்துதான் பதில் வந்துச்சு."

அக்கா காப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ இன்னொன்னும் என் வாய்லேர்ந்தே வரட்டும்," என்றார். தினேஷ் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். அக்கா அவனை உட்காரக்கூட விடவில்லை. "தினேஷு, அம்மாவுக்கு வந்தது சாமி இல்லய்யா. நான் குடிக்கிறவ. ஒன்னப் பெத்த நாள்லேர்ந்து. அடுப்படியில இருக்கற கிச்சாப் போத்தல எடுத்து மோந்து பாரு."

அவன் பொட்டலத்தை மேசையில் வைத்தான், வெளியே நடந்துவிட்டான். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் அப்படியே போய்விடுவான் என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைச் சமாதானப்படுத்த என்னென்னவோ தயார் செய்துகொண்டு போனேன். அவன் திரும்பாமலே சொன்னான்.

"மிசி, எங்கப்பாவும் சாகறதுக்கு முன்னால எறும்பு எறும்புன்னாரு."

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"குடிய விடவைக்கணும்னு நான்தான் அவர ரூம்ல வச்சுப் பூட்டினேன். சாவி என் பாக்கெட்ல இருந்துச்சு. ரெண்டு நாள் கத்தினாரு. மூணாவது நாள் எறும்பப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாரு, அப்புறம் கைகால இழுத்துக்கிட்டாரு. குடிச்சதாலதான் செத்தாருன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அது இல்லையா மிசி? நானா?"

பிள்ளைகளே, இல்லை என்று சொன்னால் அவன் நம்பமாட்டான், அன்று காலைதான் வார்டு டாக்டர், குடும்பத்தில் குடி உண்டா என்று விசாரித்துவிட்டு, திடீரென்று குடியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனிடம் பொதுவாகச் சொல்லியிருந்தார், அம்மாவுக்கு வந்தது அதுதான் என்று மட்டும் சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

"தம்பி," என்றேன், "அதையேதான் நானும் ஒங்கம்மாவுக்குச் செஞ்சேன். பூட்டுக்குப் பதிலா காப்ப வச்சுக் கட்டிப்போட்டேன். நீ படிக்காம செஞ்ச. நான் படிச்சிட்டுச் செஞ்சேன். ரெண்டு பேருமே அவங்க பொழைக்கணும்னுதான் செஞ்சோம்."

அப்போதுதான் அவன் திரும்பினான். பெரிய உருவம், தொழிற்சாலையில் மெஷின் தூக்குகிறவன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நானும் அழுதேன். தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் எங்களுக்காக நின்றுகொண்டிருந்ததுகூடத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவன் உள்ளே போனான். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அக்கா இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, பூட்டு போட மாட்டேன்," என்றான். "மெதுவா விடலாம். டாக்டர் எத்தன மாசம் சொன்னாலும் நான் ஒன் கூடவே வாரேன்."

நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கிக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, கார் கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டை கிழியும் அளவுக்கு ஒரு கத்துக் கத்தினேன். காவலாளி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டி, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். பிழைச்சிட்டாங்க என்றேன். யார் என்று கேட்டார். ரெண்டு பேரும் என்றேன்.